அரை நாள்

முதலாளியின் மாமனார் காலமான வகையில்
மதியத்தோடு கடை அடைப்பு.
வருத்தம்தான். அவரை யாரும் பார்த்ததில்லை.
விளக்குத்தூண் முக்கில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கையில்
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்:
"நாலு மணிக்கு வாங்கடி, எங்க வீட்ல டீ."
மூணு பேரும் உடனே சரி என்றதும்
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தேதி இருபத்தெட்டு.
பர்ஸில் நூற்றுப்பத்து,
அதில் நாளைக்குக் கடைக்குப் போக முப்பது.

செல்லூர் மாடி அறை. தரையில்
ரெண்டு வாளி ஊற்றினேன்;
குடித்துவிட்டு இன்னும் கேட்டது.
பால் அரை லிட்டர். கருவேப்பிலையோடு
கொசுறாக வந்த இஞ்சி.
டப்பாவின் அடியில் கடலைமாவு இருந்தது,
போன தீபாவளியின் மிச்சமாக இருக்கலாம்.
ஒரே வாழைக்காய். பதினாறாகச் சீவினேன்,
கண்ணில் வைத்தால் தெரு தெரிகிற மெல்லிசில்.
பில் போடுகிறவளுக்கு வகுத்தல் வரும்:
ஆளுக்கு நாலு.

பாண்டீஸ்வரி வந்தாள். ஹமிதா வந்தாள்.
ஜெசிந்தா வந்தாள், பின்னால் இன்னொருத்தி.
"பட்டு செக்‌ஷனுக்குப் புதுசா வந்த பிள்ளைடி.
ஹாஸ்டல் ஆறு மணிக்குத்தான் திறப்பாகளாம்,
வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு."

பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் கூடியது.
இஞ்சியை இன்னும் நசுக்கினேன்,
ருசியை நம்பி இல்லை, வாசத்தை நம்பி.
டம்ளர் நாலுதான். அரிசி அளக்கும் ஆழாக்கு
எனக்கு.

மூணு பேரும் சுவரில் சாய்ந்து காலை நீட்டினார்கள்.
ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்து
ராத்திரி ஒன்பதரைக்கு மடங்குகிற கால்கள்.
செருப்பு வார் பதிந்த வெள்ளைத் தடம்,
பாண்டீஸ்வரியின் கெண்டைக்காலில்
நீல நரம்பு, முடிச்சு முடிச்சாக.
புதுசு மட்டும் பீரோ ஓரமாக
கையைக் கட்டி நின்றிருந்தது.
"உட்காரலாமா அக்கா?" என்றது.

ஹமிதா எழுந்து போய்
அதன் தோளைப் பிடித்து அமுக்கினாள்.
அப்படியே என் கையையும் இழுத்தாள்:
"நீ மட்டும் என்னடி, சூப்பர்வைசரா?"

பதினாறை நாலு பேருக்குப் பகிர்ந்தால் மிச்சமில்லை.
ஐந்து பேருக்குப் பகிர்ந்தால்
ஒரு பஜ்ஜி மிஞ்சுகிறது.
இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீ எடு, நீ எடு என்று தட்டு சுற்றி வந்தது.
"அந்தப் பெரியவருக்கு வச்சிருவோம்,"
என்றாள் பாண்டீஸ்வரி.
பேர் தெரியாததால் பேர் சொல்லாமல்
கைப்பிடிச் சுவரில் வைத்து
கா கா என்று கூப்பிட்டேன்.
காக்கை வரவில்லை, அந்த வெயிலில்.
அணில் வந்தது, முகர்ந்தது, எடுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு புதுசுதான், டீயை ஊதிக்கொண்டே,
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது:
"முதலாளிக்கு மாமியார் இருக்காகளா அக்கா?"

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.
நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
சிரிப்பில் ஆழாக்கு சாய்ந்து
பாதி டீ தரையில்.
துடைக்க
ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.