இருபத்தைந்தில் ஒன்று

உலுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்.
யாரோ செத்துப்போன வீட்டுச் சாமான் விற்பனை,
ஐஸ் ஸ்கேட்டுக்கும் வாஃபிள் சட்டிக்கும் நடுவே
பதினொரு டாலர்.
மூடியில் மூக்கைத் தூக்கி நிற்கிறது ஒரு வில்லிஸ்.
முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில்,
பின்சக்கரத்தில் அவ்வளவு புகை.
வரைந்தவனுக்குக் கார் வரையச் சோம்பலாக இருந்திருக்கும்.

உள்ளே எல்லாம் இருந்தது, ஏறக்குறைய.
ஐம்பது வருடம் ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடந்ததில்
ரப்பர் டயர் முன்கண்ணாடியைத் தின்றிருந்தது,
பிறை வடிவில் ஒரு கடி.
ஸ்டிக்கர்களை வெந்நீரில் மிதக்கவிட்டேன்.
ஏழு என்ற எண் நடுவே பிளந்து
இரண்டு குச்சிகளாய் ஆளுக்கொரு பக்கம் போனது.
இப்போதெல்லாம் பசையில் எலுமிச்சை மணம் சேர்க்கிறார்கள்.
எலுமிச்சைக்கும் எனக்கும் என்ன இருக்கிறது?

டொலிடோவில், லக்ராஞ்ச் தெருவுக்குப் பின்னால்,
பகல் என்பது எங்கள் வீட்டில் நள்ளிரவு.
அப்பாவுக்குக் கண்ணாடி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
காலை எட்டுக்குப் படுப்பார்,
ஜன்னலில் ராணுவப் போர்வை ஆணியடித்திருக்கும்.
சத்தம் போட்டால் தோல் உரியும்.
உலகத்திலேயே இரைச்சலான வண்டிகளை
உலகத்திலேயே ஊமையான வீட்டில் ஓட்டினேன்.

கால் மைலை இருபத்தைந்தால் வகுத்தால்
ஐம்பத்திரண்டு அடி, சொச்சம்.
எங்கள் நடைவழி பத்தொன்பது.
குளியலறைக் கதவு திறந்திருந்தால் இருபத்து நான்கு,
பிறகு தொட்டி.

விளக்குக் கம்பத்துக்கு வாண்டா ஷிமான்ஸ்கி.
பக்கத்து வீடு, முன்பல் ஒன்று பாதி.
டார்ச் முகத்தில் மிட்டாய்க் காகிதம் மாற்றி மாற்றிப் பிடிப்பாள்:
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்,
பச்சை வருவதற்குள் நான் விட்டிருப்பேன்.
உடனே சிவப்பு.
மூன்று கோடை முழுக்கச் சிவப்பு.
வாயசைவில் மட்டும் சண்டை போட்டோம்,
மீன்தொட்டிக்குள் இரண்டு மீன்கள் மாதிரி.

சூப்பர்சார்ஜர் ஒட்டிய அன்று அவளுக்குப் போன் செய்தேன்.
டுலூத்தில் இருக்கிறாள்,
நாற்பது வருடம் பல் டாக்டரிடம் கணக்கெழுதியவள்.
பின்னணியில் ஏதோ பாத்திரம் கழுவுகிற ஓசை.
வில்லிஸ் என்றேன், நீலம் என்றேன்,
தொட்டியில் முட்டி முன் அச்சு முறிந்ததைச் சொன்னேன்.

"கார் ஒன்றும் நினைவில்லை, நார்பர்ட்.
உன் அப்பா குறட்டைதான் நினைவிருக்கிறது.
அதை வைத்துத்தானே விடுவோம்?
மூச்சு உள்ளே போகும்போது மூன்று மஞ்சள்,
வெளியே வந்தால் பச்சை.
நீ பாதி மூச்சிலேயே விட்டுவிடுவாய்."

குழாயை மூடினாள் போலிருக்கிறது, அமைதி.
"நல்ல எஞ்சின் அது," என்றாள்.

ரிசீவரை வைத்த பிறகும் கையில் ஒரு எக்ஸாஸ்ட் குழாய்,
விரலோடு ஒட்டிப்போய்.
அந்த மனிதர் ஒரு பந்தயமும் பார்த்ததில்லை.
ஒருமுறை என் காரை மிதித்துவிட்டு
காலைத்தான் திட்டினார்,
இல்லை, என்னையும்தான்.

இன்று முடிந்தது. ஏழு ஏழாக இல்லை,
கதவு ஒன்று சரியாக மூடாது,
கண்ணாடியில் அந்தக் கடி அப்படியே.
மணி ஒன்று பத்து.
இந்த அடுக்ககத்தின் தாழ்வாரத்தை அளந்துவிட்டேன்:
அறுபத்தோரு அடி, லினோலியம்,
முடிவில் குப்பைத் துவாரம்.
முதன்முறையாக எனக்கு ஒரு முழுக் கால் மைல்,
நிற்க ஒன்பதடி மிச்சத்தோடு.

முழங்கால் இரண்டும் ஒலியெழுப்ப மண்டியிடுகிறேன்.
மூன்றாம் எண் கதவுக்குப் பின்னே
முகம் தெரியாத யாரோ
மூச்சை இழுக்கிறார்,
நீளமாக, கரகரவென்று, இன்னும் இழுக்கிறார்.
விரல் பின் பம்பரில்.

இந்தமுறை விடமாட்டேன் வாண்டா,
இன்னும் விடவில்லை.