உளையுதுங்

"பூனையாட்டம் முதுகை வளைங்க" என்றார்
மயக்க டாக்டர்.
இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே வளைவது?
ஆனாலும் வளைந்தேன்.
நர்சம்மாவின் தோளில் நெற்றியை முட்டுக் கொடுத்து,
அவர் கழுத்துப் பவுடர் வாசத்தில் மூச்சுவிட்டு.
முதுகுத்தண்டில் ஐஸ் தண்ணீராய் ஏதோ வழிந்தது.
"அசையக்கூடாது அம்மணி."
இருபத்தாறு வருசத்தில் ஒருத்தர்
என்னை அசையாதே என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பெருவிரலில் தொடங்கிய சூடு
வெந்நீர் அண்டாவுக்குள் இறங்கினாற்போல்
முழங்கால், தொடை என்று ஏறியது.
ஸ்பிரிட் பஞ்சை வைத்துக் கேட்டார்:
"சில்லுன்னு இருக்குதா?"
"இருக்குதுங்."
"இங்க?"
"தொடறது தெரியுது, சில்லுன்னு இல்லீங்."
"இங்க?"
எங்கே என்று நான் திருப்பிக் கேட்டேன்.

ஒரு காலைத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள்.
யாருடையதோ என்று பார்த்தேன்.
கொலுசு கழற்றிய தடம் வெளுத்துக் கிடந்தது.
சரி, என்னுடையதுதான்.

பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம்
பீரோவில் சாவி தேடுவதுபோல் என்னைத் துழாவினார்கள்.
வலியே இல்லை, இழுப்பு மட்டும்.
பேச்செல்லாம்
தாராபுரம் ரோட்டில் புதுசாய்ப் போட்ட வேகத்தடையைப் பற்றி.
பதினொன்று நாற்பதுக்கு ஓர் அழுகை.
கன்னத்தோடு வைத்துக் காட்டினார்கள்:
ஈரமாய், ரொம்பக் கோபமாய் இருந்தாள்.

சாயங்காலம் கால் திரும்பி வந்தது,
தவணை தவணையாக.

மூன்றாம் ராத்திரி
வார்டு விளக்கை அணைத்தார்கள்.
கெண்டைக்காலுக்குள் எதுவோ எழுந்து உட்கார்ந்தது.
எலும்புக்கும் சதைக்கும் நடுவே
கோலி சோடாவை உடைத்து ஊற்றினாற்போல்.
நீட்டினால் போனது. ஒரு நிமிசம்.
மடக்கினால் அங்கேயே இருந்தது.
எழுந்து நடந்தால் கால் அடங்குகிறது,
தையல் சுண்டி இழுக்கிறது.
படுத்தால் தையல் அடங்குகிறது,
கால் கிளம்பிவிடுகிறது.
இதுக ரெண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ண
ராத்திரி ஒண்ணரை மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

கட்டிலுக்கடியில் படுத்திருந்த நங்கையா சொன்னார்:
"அந்த முதுகூசிதான். ஆயுசுக்கும் விடாது."
அப்புறம் திரும்பிப் படுத்து,
"ஒம்பது வருசம் ஓவர்லாக் மிதிச்ச காலு,
சும்மா கெடன்னா கெடக்குமா?"

பக்கத்துக் கட்டில் சஞ்சுக்தா
ஒடிசாக்காரி. வீட்டுக்காரர் சாயப்பட்டறையில்.
அவளுக்குத் தமிழில் தெரிந்தது
தண்ணி, சம்பளம், சீக்கிரம்.
நான் காலைத் தேய்ப்பதைப் பார்த்தாள்.
தன் சேலையைச் சற்றே தூக்கி
தன் கெண்டைக்காலைக் காட்டி
விரல்களை எறும்பாய் ஓடவிட்டாள்.
எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெண்டு பேரும் நடந்தோம்,
ஆளுக்கொரு கை அடிவயிற்றில்,
தண்ணீர் டிரம்மிலிருந்து எக்ஸ்ரே ரூம்வரை.
ஐம்பத்திமூன்று டைல்ஸ்.
அவள் அவளது பாஷையில் எண்ணினாள்.
எனக்கும் அவளுக்கும் கணக்கு ஒத்துவந்ததா, தெரியாது.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர்:
"வலியா?"
"இல்லீங்."
"அரிப்பா? மரத்துப்போவுதா?"
"இல்லீங். உளையுதுங்."
அந்தப்பொண்ணு பேனாவை நிறுத்தியது.
அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.
"நடந்தா சரியாவுதா? வயித்துல இருந்தப்பவே இருந்துச்சா?"
யோசித்தேன்.
ஏழாம் மாசம், கம்பெனி வேனில், ராத்திரி ஷிப்ட் முடிந்து
முன்சீட்டை உதைத்துக்கொண்டே வந்தது.
"ஊசியால இல்லீங்க்கா. ரத்தத்துல இரும்பு ரொம்பக் கம்மி.
மாத்திரை சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.
அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஆறு அட்டைகள்,
ஓட்டை விழாமல்,
அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தன.
அந்தப்பொண்ணு என் முகத்தைப் பார்த்தது.
திட்டவில்லை.
"டிரிப்ஸ்ல ஏத்திடலாம். அடங்க நாளாகும்" என்றது.

பழுப்பாய் இறங்கியது இரும்பு.
அன்றைக்கு ராத்திரியும் நடந்தேன்.
சஞ்சுக்தாவை டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள்,
ஐம்பத்திமூன்றையும் நானே எண்ணினேன்.
வெளியே முதல் ஷிப்ட் வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கியபோது
கால் ரெண்டும் தூங்கிப்போயின.
மெதுவாய், அவை எழுந்துவிடாமல்,
கட்டிலில் ஏற்றி வைத்தேன்.

துணிச்சுற்றை உதைத்துத் தள்ளிவிட்டு
மகள் விழித்துக்கொண்டாள்.