இழுப்பு

செயலாளர் தந்த சிங்கள வரைபு ஏழு பக்கம்.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டும் என்றார்.
பழுதான, விபத்துக்குள்ளான, இடையூறாக நிறுத்திய வாகனங்களைக்
கட்டி இழுத்தலும் களஞ்சியப்படுத்தலும் தொடர்பான உபவிதி.
களஞ்சியம் நெல்லுக்குச் சொல்வது.
லொறிக்கு என்ன சொல்ல?
தரித்து வைத்தல் என்று அடித்தேன், அழித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
ஹப்புத்தளை பஸ் நிலையத்தை அதே வேகத்தில்
அழித்துக்கொண்டிருந்தது.

பெரகலை வளைவில் எது கவிழ்ந்தாலும்
இரண்டு பிரேக்டவுன் லொறி கிளம்பும்,
மேலேயிருந்து ஒன்று, கொஸ்லாந்தைப் பக்கமிருந்து ஒன்று.
யார் முதலில் கொக்கி போட்டாரோ
அவர் வாயில் வந்ததே விலை.
போன மழைக்கு வேன் ஒன்று விளிம்பில் தொங்கியபோது
உள்ளே இருந்தவர்கள் இறங்கும் முன்பே
முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி.
இதற்குத்தான் சட்டம்.
ஆனால் சிறிபால கேட்டதும் நியாயம்தான்:
"வடம் அறுந்தா போறது என் கை, மிஸ்.
அதுக்கு உங்க அட்டவணையில வரி இருக்கா?"
இடது கையில் அவருக்கு மூன்று விரல்.
தேடிப் பார்த்தேன். இல்லை.

பிரிவு ஒன்பது. இலகு வாகனம்,
நாளொன்றுக்கு எழுநூற்றைம்பது, பழைய தீர்மானத்தில் உள்ளபடியே.
நாளின் ஒரு பகுதியும் முழு நாளே.
அதை அடிக்கும்போது கருமபீடத்தில்
ஆளுக்கு முன்னால் மூச்சு வந்தது, விசில்போல.

தவநேசன். வெள்ளை டிமோ பட்டா.
வியாழன் பின்னேரம் ரயில் கடவைக்குப் பக்கத்தில்
கிளட்ச் எரிந்து நின்றது.
பின்னால் அறுநூற்றிருபது கிலோ லீக்ஸ், தம்புள்ளைக்கு.
வெள்ளி போயா.
சனி ஞாயிறு கந்தோர் இல்லை.
"காசு வெள்ளிக்கிழமையே இருந்திச்சு மிஸ்,
வாங்கத்தான் ஆள் இல்ல."
வியாழன் ஒரு பகுதி. திங்கள் ஒரு பகுதி.
ஐந்து நாள் என்றது கல்குலேட்டர்.

யார்டுக்குக் கூடப் போனேன்.
பின்கதவிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.
மாட்டுக்குப் போடலாம் என்றார் காவலாளி.
தவநேசன் ஒன்றை எடுத்து மேல்தோலை உரித்தார்,
இன்னொன்று, இன்னொன்று.
உள்ளே இன்னும் வெள்ளை இருந்தது.
அறுநூற்றிருபது கிலோவை யார் உரிப்பது?
இழுப்பு வந்து குந்திவிட்டார்.

இழுப்பு. லொறிக்கும் அதே சொல், நெஞ்சுக்கும் அதே சொல்.
தலைப்பு கிடைத்துவிட்டது.

மாலையில், எல்லோரும் போன பிறகு,
ஒன்பதுக்குக் கீழே ஒன்பது அ அடித்தேன்:
கருமபீடம் மூடிய நாளுக்குக் கட்டணம் அறவிடப்படலாகாது.
அழுகும் பொருளை உரிமையாளர் எந்நேரமும் இறக்கிச் செல்லலாம்.
சிங்களத்தில் அது இல்லை.
கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம்:
உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படின்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.
தவநேசனின் கிளினிக் புத்தகத்திலும்
ஒவ்வாமை என்றுதான் எழுதியிருந்தது.

சபைக் கூட்டம். வடை, பிளேன்டீ.
உறுப்பினர் புஷ்பகாந்தி கண்ணாடியைத் துடைத்துவிட்டு
தமிழ்ப் பிரதியை முதல் வரியிலிருந்து வாசித்தார்;
இதுவரை யாரும் வாசித்ததில்லை.
"ஒன்பது அ நல்லா இருக்கு. சிங்களத்துல காணமே?"
தவிசாளர் செயலாளரைப் பார்த்தார்.
செயலாளர் என்னைப் பார்த்தார்.
எழுந்தேன். முழங்கால் நடுங்கியது.
"சிங்களத்தில் விடுபட்டிருக்கலாம், சேர்."

அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.
பிறகு அதற்கடுத்ததுக்கு.
இதற்கும் இழுப்பு என்றே பெயர் வைக்கலாம்.

தவநேசன் அன்றே மூவாயிரத்து எழுநூற்றைம்பது கட்டினார்.
பற்றுச்சீட்டை நான்தான் எழுதினேன்.
வண்டியை வெளியே எடுக்கவும்
ஒரு பிரேக்டவுன் லொறி தேவைப்பட்டது.
சிறிபால வந்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு
"ரேட் இன்னும் வர்த்தமானியில வரலையே" என்று சொல்லி
மூன்று விரலால் கொக்கியை மாட்டினார்.