எடைமேடைக்குக் கீழே

ஜூன் மாதம். காவேரிப்பட்டணம் சாலையில்
வரிசையாய் லாரிகள். பெங்களூரா, செந்தூரா,
காம்பில் பால் இன்னும் காயாதவை.
கூழ் ஆலையின் கேட்டில் திம்மராயன் கேட்டுக்கொண்டே இருப்பார்:
யார் தோட்டம், என்றைக்குப் பறித்தது,
கல் வைத்ததா, தானாய்ப் பழுத்ததா.
பதில் பிசகினால் லாரி திரும்பும்.

எனக்கு மாடி அறை, ஒரு படிவம்.
ராட்டர்டாமில் கூழ் வாங்குபவன் கேட்கிறான்:
எடை போட்டு, ட்ரம்முக்குச் சீட்டு அடிக்கும்
உங்கள் மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது?
நாங்கள் எழுதியதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

நாங்கள் எழுதியது ஒன்பது கோப்பு.
இணையத்தில் இறக்கியது பதினொரு பொட்டலம்.
அவை தம் பங்குக்கு இழுத்து வந்தவை எண்ணூற்று நாற்பத்தாறு.
பத்திரிகை வைத்தது பதினொரு வீட்டுக்கு;
பந்தியில் உட்கார்ந்திருப்பது ஊர்.

மூன்று நாள் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
சாவி யாரிடம், கடைசியாய்த் தொட்டது எப்போது,
வெளியே காட்டும் நிரலும் உள்ளே வரும் பொட்டலமும்
ஒன்றுதானா,
நிறுவும் நொடியில் ஓசைப்படாமல் எதையாவது ஓட்டுகிறதா.
ஒன்றை எழுதியவன் விற்றுவிட்டிருந்தான்,
வாங்கியவன் பெயர் வெறும் எண்.
இன்னொன்றுக்கு ஓரெழுத்து மாறிய இரட்டை இருந்தது,
தூக்கக் கலக்கத்தில் யாராவது தட்டுவார்கள் என்று
காத்துக்கொண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது, நாற்பத்தோரு வரி.
தசமப் புள்ளியை அதன் இடத்தில் வைப்பது வேலை.
பதினெட்டு டன்னுக்கும் பதினெட்டு கிலோவுக்கும் நடுவே
அது மட்டும்தான் நின்றது.
எழுதியவர் ஓல்த்ரிக். ஏதோ குளிர் நாடு.
நாலு வருஷமாய் அசைவில்லை.
கடைசியாய் ஒரு குறிப்பு:
“அப்பா மார்ச்சில் இறந்துவிட்டார்.
இதை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.”
கீழே பதினான்கு இரங்கல்.
அதற்கும் கீழே ஒருவன்: “அடுத்த பதிப்பு எப்போது?”

அவர் சாவி அவர் மின்னஞ்சலில் தொங்கியது.
மின்னஞ்சல் அவர் பெயரில் இருந்த தளத்தில்.
தளம் காலாவதி.
விலை எழுநூற்று எண்பது ரூபாய்.
எவனாவது வாங்கி
கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஒரு தட்டுத் தட்டினால்
செத்தவர் எழுந்து வருவார்,
எங்கள் எடைமேடையில் புள்ளியை நகர்த்த.

இரவு பதினொன்றே முக்கால். கீழே ஷிப்டு மாறியது.
கொட்டை பிரிக்கும் இயந்திரத்தின் கடகடப்பு,
புளித்த தோலின் நெடி.
மேலாளர் போனை எடுக்கவில்லை.
பொட்டலப் பதிவகத்துக்கு எழுதினேன்,
ஐந்து வேலை நாளில் பதில் என்றது.
கைக்காசில் தளத்தை வாங்கினேன்.

விடிவதற்குள் அவருக்கான கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கின.
பல் மருத்துவமனையின் நினைவூட்டல்.
வயலின் நரம்பு விற்கும் கடையின் தள்ளுபடி.
நூலகத்தில் திருப்பித் தராத ஒரு புத்தகம்.

மறந்துவிட்டது என்ற பொத்தானின் மேல்
என் சுட்டி கொஞ்ச நேரம் நின்றது.
அழுத்தவில்லை.
அழுத்தவில்லை என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

காலையில் எடைமேடையின் தகட்டைத் தூக்கி
திம்மராயன் கடப்பாரையால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார்.
“மழைக்கு அடைச்சுக்கிச்சு மேடம்.
நூறு கிலோவ முழுங்குது.”
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
“காலி லாரியத் திரும்பத் திரும்ப ஏத்திப் பாத்தேன்.
நேத்தைக்கு ஒண்ணு சொல்லுது, இன்னைக்கு ஒண்ணு சொல்லுது.”

மேலே வந்து நாற்பத்தோரு வரியையும்
ஒருமுறை விரல் வைத்துப் படித்து
எங்கள் கோப்பில் சேர்த்தேன்; தலையில் அவர் பெயரை விட்டேன்.
எங்களுடையது இப்போது பத்து.
மற்றவர்கள் இன்னும் அங்கிருந்துதான் இறக்குகிறார்கள்,
எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

படிவத்தில் பராமரிப்பவர்: இல்லை.
முகவரி: தற்காலிகமாக என்னிடம்.
அபாயம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.
பாக்யவதி, தரக்கட்டுப்பாடு, மாடி அறை.

அடுத்தது அறுநூற்றுப் பதின்மூன்று.
கேட்டில் ஹாரன்.