பத்துக்கு எட்டு

பத்தடி நீளம், எட்டடி அகலம்.
தோண்டியது கழுத்தளவு,
நிரப்பியது போக முழங்காலளவு.
என் வண்டி நின்ற இடம் அது.

கூட்டத்தில் கை தூக்காதவர் இருவர்:
நானும், மூன்றாம் எண் வீட்டு தயாபரனும்.
அவர் தூங்கிவிட்டிருந்தார்.

"குழிக்கு எதுக்குங்க சங்கத்துப் பணம்?
மடிப்பாக்கத்துல குழிக்கா பஞ்சம்?"
என்றேன். சிரித்தார்கள்.
சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள்.

பெனிட்டா கணக்கு எழுதினாள்:
ஒரு லோடு ஜல்லி, அரை லோடு மணல்,
கல்வாழை நாற்பது, வெட்டிவேர் இருபது கட்டு,
கொசு வரும் என்றவர்களுக்காக
நொச்சி ஆறு.

சிமெண்டை உடைத்த அன்று
அடியிலிருந்து எழுந்து வந்தது
சேற்று வாசம், ஏரி வாசம்.
பத்திரத்தில் கையெழுத்துப் போடாத சாட்சி.
ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

தெருவில் துப்பிக்கொண்டிருந்த
மொட்டைமாடிக் குழாய்கள் ஒவ்வொன்றாய்
குழிப்பக்கம் தலை திரும்பின.
என் வீட்டுக் குழாயை நான் தரவில்லை.

ஐப்பசி இருபத்தாறு, இரவு இரண்டு மணி.
கரண்ட் போய் நாலு மணி நேரம்.
குழியைச் சுற்றி ஏழு டார்ச், ஒன்பது குடை.
ஒரு குழி குடிப்பதைப் பார்க்க
இத்தனை பேரா?

மகளின் ஸ்கேலை நட்டுவைத்து
இர்பான் ஏலம்போலக் கூவினான்:
இருபத்தெட்டு...
இருபத்தெட்டுதான்...
மழை கொஞ்சம் மூச்சு வாங்கியது.
இருபத்தி நாலு.
பத்தொன்பதரை.
அந்த அரைக்கு யாரோ விசிலடித்தார்கள்.

பால்கனியிலிருந்து பார்த்தேன்.
என் குழாய் மட்டும்
தனியாகத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது,
பந்தியில் அடுத்தவர் இலையில்
கை கழுவுகிற மாதிரி.

மறுநாள் கால்வாய் எதிர்த்து வந்தது.
நாற்பது கல்வாழையும் மூழ்கின.
பத்துக்கு எட்டு
எவ்வளவுதான் குடிக்கும்?

போன தடவை
நாலாம் படி ஏறி, வாசல் தாண்டி,
பீரோவின் கீழ்த்தட்டுவரை வந்த தண்ணீர்.
இந்தத் தடவை இரண்டாம் படியில் நின்று
இரவெல்லாம் யோசித்துவிட்டு
விடியும் முன் இறங்கிப்போனது.
மிச்சமிருந்த இரண்டு படிகளை
என்ன செய்வதென்று தெரியாமல்
அவற்றில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

பெனிட்டா வந்து
சாய்ந்த செடிகளை நிமிர்த்தினாள்,
சிக்கியிருந்த பால் கவர்களைப் பொறுக்கினாள்.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

வண்டி இப்போது
அடுத்த தெரு மேட்டில் நிற்கிறது.
தினமும் நூற்றிருபது அடி நடக்கிறேன்.
எரிச்சல்தான், இப்போதும்.

அன்று சாயங்காலம்
மூன்றாம் எண் வீட்டுக் கதவைத் தட்டி,
குழாய் அறுக்கிற ரம்பம் இருக்கிறதா என்றேன்.
எதற்கு என்று கேட்காமல்
எடுத்துவந்து கொடுத்தார் தயாபரன்.
விழித்துத்தான் இருந்தார்.