பதினாலு மணி இருட்டு

யூனியன் பிளேஸ், ஒன்பதாம் மாடி.
வாடகைக்கு வைத்த செடிகள் பதினேழு.
பத்து நாளைக்கு ஒருக்கால் நான் போவேன்,
தூசு துடைக்க, பழுத்ததைக் கிள்ள,
செத்ததை ஆரும் காணுமுன்
சாக்கில் போட்டுச் சரக்கு லிஃப்டில் இறக்க.

ஏசி வாய்க்கு நேரே நின்ற தொட்டிப்பனைக்கு
நுனியெல்லாம் தீய்ந்திருந்தது.
குளிரும் சுடும் என்று
அங்கேதான் அறிந்தேன்.
ஞாயிறு ஏசியை நிறுத்துவார்கள்.
கண்ணாடிக் கட்டிடம் முப்பத்துநாலுக்கு ஏறும்.
திங்கள் காலை தரையெங்கும் இலை.
போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் இருந்த மணிபிளான்ற்
ஒரு சாண் தண்டுக்கு ஓர் இலை வீதம்
டியூப் லைற்றைத் தேடி நீண்டிருந்தது.
என்ன வளர்த்தி என்று கிளார்க்மார் மெச்சினார்கள்.
வெளிச்சம் போதாமல் நெடுக்கிறது என்று
நான் ஏன் சொல்ல?
மாத வாடகை வருகிற இடம்.

செப்டெம்பரில் கேட்டார்கள்:
நத்தாருக்கு வரவேற்பு மேசையில்
சிவப்பாய் ஏதும் வேண்டும்.
நுவரெலியாவிலிருந்து பொயின்செற்றியா இறக்கினேன்.
பச்சையாய் வந்தது, பச்சையாய் நின்றது.
மிஸ் டில்ருக்ஷி உரம் போடச் சொன்னார்.
மனேஜர்
மேசைக்கு மேலே இன்னும் இரண்டு பல்ப் பூட்டினார்.

அதற்குப் பசி இல்லை. நித்திரை இல்லை.
பதினாலு மணித்தியாலம்,
பொட்டு வெளிச்சமும் படாமல்,
ஐம்பது இரவு விடாமல் கொடுத்தால்தான்
மேலிலை சிவக்கும்.
அந்த மாடியிலோ ராத்திரியே கிடையாது.
கூட்டுகிறவர்கள் எட்டுக்கு வருவார்கள்.
லண்டன் கணக்குப் பார்க்கிற பெடியன்கள்
ஒரு மணிக்குப் போவார்கள்.
அதற்குப் பிறகும்
ஆளில்லாத கதிரைகளுக்கு
வெள்ளை வெளிச்சம் எரியும்.

இரவுக் காவல் சுனிமலிடம் கேட்டேன்,
என் ஓட்டைச் சிங்களத்தில்.
புது பிரின்டர் வந்த பெட்டி,
ஐந்துக்குக் கவிழ்த்து ஏழுக்கு எடுக்கவேண்டும்.
"உள்ளே குருவியா?" என்று சிரித்தார்.
ஆறிலிருந்து ஆறு அவருடைய ஷிஃப்ட்.
செடிக்கு இரண்டு மணித்தியாலம் கூட.
ஒரு மணி முந்தி வந்தார்,
ஒரு மணி பிந்திப் போனார்,
காலையில் இரண்டு கடவத்தை பஸ்ஸை
அதற்காக விட்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
நவம்பரில் அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல்.
வந்தவனுக்குச் செடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

டிசெம்பர் பதினொன்று. பெட்டியை எடுத்தார்.
சிவப்பு.
கைபிடிக்க வெட்டிய ஓட்டைக்கு நேரே
ஓர் இலை மட்டும்
பாதி பச்சை, பாதி சிவப்பு.
மனேஜர் அந்தப் பக்கத்தைச்
சுவருக்குத் திருப்பிவைக்கச் சொன்னார்.
வந்தவர்கள் எல்லாம் அதோடு படம் பிடித்தார்கள்.
பில்லில் நான் எழுதினேன்:
பராமரிப்பு, ஒரு செடி.

ஜனவரியில் தொட்டியைத் திருப்பி எடுக்கப் போனேன்.
வேண்டுமென்றால் செடியைக் கொண்டுபோங்கள் என்றேன்,
சுனிமலிடம்.
செடி வேண்டாமாம்.
பெட்டியைக் கேட்டார்.
பகலில் படுக்கிற அறைக்கு
கிழக்கே ஒரு ஜன்னல்,
ஒன்பது மணி வெயில் நேரே முகத்தில்.
இருபத்திரண்டு வருஷம், என்றார்,
சாரத்தால் கண்ணை மூடிக்கொண்டு.

பெட்டியை மடக்கிக் கொடுத்தேன்.
கொடுக்குமுன்
இரண்டு ஓட்டைக்கும்
கறுப்பு ரேப் ஒட்டினேன்.