அரைப்பேர்

ஒன்பதாம் நம்பர் மலையில்
ஆடி மழை ஓயவில்லை.
படங்குக்குக் கீழே, கெண்டைக்காலில்
ஏதோ குளிர்ச்சி.
நூல் கனம்தான். பசித்த அட்டை.

பவளராணிக்கு அருவருப்பு.
சவுக்காரத் துண்டைக் காலில் தேய்த்துத்தான்
பெரட்டுக்கே வருவாள்.
நான் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.
உயர்தரத்தில் உயிரியல் எடுத்து
இரண்டு தரம் தவறியவள் நான்.
"இருபாலுயிரி, உதாரணம் தருக."
மண்புழு என்று எழுதிவிட்டு
மணியைப் பார்த்தபடி இருந்துவிட்டேன்.
அன்றைக்கு வராத விடை
காலில் ஊரும்போது எப்படித் தட்டிவிடுவது?

இந்த நூல் இப்போது ஆண்.
விந்துக்குப் பெரிய உடம்பு வேண்டியதில்லை,
பட்டினியிலும் முடியும்.
முட்டை அப்படியில்லை.
அதற்குச் சேமிப்பு வேண்டும்,
கூட்டை நுரைத்துக் கட்டத் தெம்பு வேண்டும்.
அதனால் குடித்து, பருத்து,
மாதக்கணக்கில் சருகுக்கடியில் கிடந்து செரித்து,
பிறகு
அதே உடம்பில்
தாய்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அதற்கு.
அவசரப்பட்டுத் தாயானவை
காய்ந்த கூடுகளை விட்டுப் போயின.
பொறுத்தவற்றின் பிள்ளைகள் மிஞ்சின,
அவற்றின் பிள்ளைகளும் பொறுத்தன.
இவ்வளவுதான் கணக்கு,
எத்தனை லட்சம் மழைக்காலம் பிடித்தது என்பதைத் தவிர.

மஸ்கெலியாக் கடைக்கு
ஐஸ் பெட்டியில் மலையேறி வருகிற களவா
இதைத் தலைகீழாய்ச் செய்யுமாம்.
சின்னதில் பெண், பெருத்தால் ஆண்.
பெரியவன் மட்டுமே இடம் பிடிக்கிற பாறையில்
அதுதான் கட்டுபடி.
மீன் வெட்டுகிற நிஸாம்தீனிடம் கேட்டேன்.
"சினை சின்னதுலதான் புள்ள,
பெருசுல நான் கண்டதேயில்ல" என்றார்
கத்தியில் ஒட்டிய செதிலைத் துடைத்துக்கொண்டு.
இருபது வருசமாக வெட்டுகிறவர்.
ஏனென்று மீனிடம் கேட்டதில்லை.

செக்ரோலில் இரண்டே பத்தி.
ஆண் ஆள். பெண் ஆள்.
போன மாதம் பவளராணியைக் கங்காணி ஆக்கினார்கள்.
ஆம்பிள வேல, என்று லயத்தில் முணுமுணுப்பு.
அட்டையைச் சாட்சிக்கு அழைத்து
வழக்காடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.
வேண்டாம்.
அது எதையும் நிரூபிக்க மாறவில்லை.
நம் வழக்கு அதற்குத் தெரியாது.

இன்றைக்குச் சுண்ணாம்பு தொடவில்லை நான்.
குடிக்கட்டும் என்று விட்டேன்.
வலிக்காமல் குடிப்பதில் அது கெட்டி.
மடுவத்தில் நிறை போட்டபோது பதினெட்டு கிலோ.
ஈரத்துக்கு இரண்டு கழித்தார்கள்.
இலக்குக்கு அந்த இரண்டுதான் குறைவு.
அரைப்பேர் என்று பேனை எழுதும்போது
என் காலிலிருந்து
நாவற்பழம் போல ஒன்று கழன்று
கணக்கப்பிள்ளையின் சப்பாத்தருகே விழுந்து
புல்லுக்குள் போனது
அவசரமில்லாமல்.

முழுப்பேர் அதற்கு.

காலில் ரத்தம் நிற்கவில்லை.
நேரமாகும்.
அட்டைக்கடி அப்படித்தான்.